ஒன்பதாவது டியூப்

டியூபின் மூடியில் எண் எழுதுவார் அண்ணி. பக்கவாட்டிலும் எழுதுவார். அப்புறம் நோட்டில் எழுதி, அருகில் யார் இருந்தாலும் அவர் முன் நீட்டி, "சத்தமா படிங்க" என்பார். அந்த ஆய்வகத்தில் தரை துடைக்க வருகிற அம்மாவுக்கே புழுக்களின் எண்கள் மனப்பாடம்.

என் அண்ணிக்கு வேலை ஆட்டின் ஈரலில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களோடு. பார்வைக்கு எல்லாம் வெளிறிய சவ்வுத் துண்டுகள்தான். ஆனால் அவற்றின் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணுத் தொகுப்பு உண்டு. அதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் எந்தப் புழு எதற்கு அக்கா, எது எதற்குச் சித்தி மகள் என்று தெரிந்துவிடும். அந்த வம்சாவளி சுவரில் கிளை கிளையாகத் தொங்குகிறது. எங்கள் சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் மட்டும் அண்ணி அண்ணனைப் பார்ப்பார்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அண்ணி கனமே இல்லாமல் பயப்படுகிறவர். கேஸை மூடிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வருவார். "பாத்துட்டேன். ஆனா பாத்தேனான்னு தெரியல."

பெரிய பயம் ஒன்பதாவது டியூப். ஒவ்வொரு முறையும் எட்டு டியூபில் புழுவின் மரபணு; ஒன்பதாவதில், சரிபார்க்க, வெறும் தண்ணீர். கடைசியில் எடுக்கும் படத்தில் எட்டுக்கும் வெள்ளைக் கோடு விழ வேண்டும், தண்ணீருக்கு விழக் கூடாது. விழுந்தால் எங்கோ ஏதோ கலந்துவிட்டது, எட்டையும் நம்ப முடியாது. ஆறு வருடமாக நோட்டில் அந்த இடத்தில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதி வந்திருக்கிறார்.

போன வாரம், அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்பதாவதில் முடியளவு ஒரு கோடு.

இரண்டு வருடம் பாடுபட்டுக் கண்ட புதுக் கிளை அந்த எட்டை நம்பித்தான் நிற்கிறது. அதைப் பற்றிய கட்டுரையை மாலைக்குள் அனுப்பப் பேராசிரியர் பக்கத்து அறையில் காத்திருந்தார். சொன்னால் கிளை போகும். மாதக் கடைசியில் முடிகிற அண்ணியின் ஒப்பந்த வேலையும் நீளாது.

"யாரும் பாக்கல, தம்பி. நாம ரெண்டு பேருதான்."

லேசாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

அண்ணி நோட்டைத் திறந்தார். பேனா மூடி கை நழுவி உருண்டது, எடுக்கவில்லை. ஒன்பதுக்கு நேரே 'கோடு இருக்கிறது' என்று எழுதினார். போய்ப் பக்கத்து அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, நோட்டை என் முன் நீட்டினார்.

"சத்தமா படிங்க, தம்பி."