ஒரு கழித்தல் குறி

ஹைதராபாத்தில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, கணினிக் கூடத்தில் என் பக்கத்து மேஜை அவருடையது. செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். குள்ளமான உருவம், ஏசிக் குளிருக்குப் பயந்து எந்நேரமும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். ரயில் ஓடும்போது பாலம் எப்படி அதிர்கிறது என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவருடைய ஆய்வு.

கணினி தரும் விடையை அவர் அப்படியே நம்பமாட்டார். அதில் ஒரு சின்னப் பகுதியை எடுத்து, பென்சிலால் கைப்படப் போட்டுப் பார்ப்பார்.

அவருடைய நான்கு வருட உழைப்பு முடிந்து ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரமே இருந்தது. அன்று காலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் எழுதிய நிரலில், ஒரு வரியில், கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது. அவருடைய முடிவுகள் அத்தனையும் அந்த வரியை நம்பித்தான் நின்றன.

அந்த வரியை எனக்குக் காட்டினார். "அக்கா, இத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பேசாம கொடுத்துடுங்களேன்" என்றேன்.

"நக்கோம்மா, வேணாம். நாளைக்கு யாராவது இத நம்பிப் பாலம் கட்டுவாங்க. அது மேல ரயில் போகும், ஜனங்க போவாங்க."

எழுந்து நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. திரும்பி வந்து, பழைய முடிவுகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழுவார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் முகத்திலோ, பெரிய விபத்து ஒன்றைத் தடுத்துவிட்டவரின் நிம்மதி. அப்படி ஒரு மனம் எப்படி வாய்க்கிறது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.