நானே கேட்டாலும் சொல்லாதீங்க

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கம்பெனியின் சேவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற மிடுக்கு என்னிடம் நிறைய இருந்தது. பேசத் துணைதான் இல்லை. வீடு மீன்சுருட்டியில், அங்கே போன் கிடையாது. நாள் முழுக்க ஊராரின் போன்களைப் பார்த்துவிட்டு வாடகை அறைக்குத் திரும்பினால், என் போன் சும்மா கிடக்கும்.

அப்போது ஒரு மோசடி கிளம்பியிருந்தது. "கம்பெனியிலேர்ந்து பேசுறோம், பரிசு விழுந்திருக்கு, ரீசார்ஜ் கார்டைச் சுரண்டி நம்பரைப் படிங்க" என்பார்கள். படித்தால் அந்தக் காசு அவர்கள் போனில் ஏறிவிடும். ஏமாந்தவர்கள் கடைக்கு வந்து என்னைத் திட்டுவார்கள். கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னது. என் அம்மாவைப் போல் படிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டீஸால் என்ன பயன்? கார்டு வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னேன்: "கம்பெனின்னு சொல்லி யார் என்ன கேட்டாலும் சொல்லாதீங்க. நானே போன்ல கேட்டாலும் சொல்லாதீங்க." கடைசி வாக்கியம் என் சொந்தச் சேர்க்கை. அதில் எனக்குப் பெருமை.

பிறகு, முகவரிச் சான்று இல்லாத எண்களை வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்தப்போவதாக உத்தரவு வந்தது. அடுத்தவர் பெயரில் சிம் வாங்கி ஏமாற்றுவதைத் தடுக்கத்தான். லப்பைக்குடிகாடு என்ற ஊரிலிருந்து வந்து கார்டு வாங்கும் அக்கா ஒருவரின் எண்ணும் அதில் இருந்தது. அவர் கணவர் துபாயில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அந்த எண்ணுக்குத்தான் பேசுவார். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கம்பெனியிலேர்ந்து பேசுறேன். உங்க ரேஷன் கார்டு..."

"கேட்டா சொல்லாதன்னு கடையில இருக்குற புள்ள சொல்லிருக்கு."

"அந்தப் புள்ளதான்க்கா நான்!"

"அதுவே கேட்டாலும் சொல்லக் கூடாதாம். பொட்டப்புள்ள கொரல்ல பேசி ஏமாத்துறியே, நல்லா இருப்பியா?"

வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

நேரில் போகலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "ஒவ்வொரு வூடா போயி வெத்தல பாக்கு வச்சு அழைக்கப் போறியாம்மா?" என்று சிரித்தார். வியாழக்கிழமை மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி அதேதான். கொரல் வேறயால்ல இருந்துச்சு? தெருவுல நின்னு போன்ல பேசு புள்ள, நான் உள்ளேர்ந்து கேக்குறேன்."

வெயிலில் நின்று கூப்பிட்டு, "நான்தான்க்கா" என்றேன். சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது, போனிலிருந்தும் கேட்டது. "அல்லாவே, உன்னயா அந்தப் பேச்சு பேசுனேன்!"

ரேஷன் கார்டைக் கொடுத்தார். கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்துவந்து திருப்பிக் கொடுத்தபோது டீ வைத்திருந்தார். "நாளைக்கு அவங்க பேசிட்டாங்கன்னா ஒனக்கு ஒரு மிஸ்டு கால் வுடுறேன்" என்றார்.

அன்று மாலையே சான்றை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் என் போன் அடித்தது. அக்காவின் எண். எடுத்தால் ஒரு குரல் கேட்கும். ஆனால் மிஸ்டு காலை எடுத்தால் அவர் காசு போய்விடும். அடித்து ஓயும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.