அக்காவின் கட்டைகளை ஒளித்த ஞாயிறு

அக்காவின் கட்டைகளைத் திருடியவன் நான்தான். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அறியாத இந்தச் செய்தியை இந்த வயதிலாவது எழுதிவிட வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதைவிட நன்றிதான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிற்று. இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துத்தான் நடப்பாள்.

எனக்குப் பத்து வயதானபோது வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். “கட்டையை எறிந்துவிட்டு விசுவாசத்தோடு நட!” என்று அவர் முழங்கியபோது கூட்டமே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பின்வரிசை அம்மாள் ஒருத்தி, “புள்ளைக்கு விசுவாசம் பத்தலீங்க” என்றாள், அம்மாவின் காதுபட. எனக்கு அவமானம் தாங்கவில்லை. கர்த்தர் தயாராகத்தான் இருக்கிறார், அக்காதான் கட்டையை விடமாட்டேன் என்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு அக்காவுக்குத் திடப்படுத்தல், பேராயர் தலையில் கைவைத்துச் சபையில் சேர்க்கும் சடங்கு. அது முடிந்தால்தான் நற்கருணை எடுக்கலாம். பேராயர் எங்கள் மலைக்கு எப்போதாவதுதான் வருவார். அன்று தவறினால் இன்னும் எத்தனை வருடமோ. அக்கா அதற்காக ஒரு வருடம் படித்திருந்தாள். பேராயரை வரவேற்க அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். அவளைக் கூட்டிவருவது என் பொறுப்பு. அவள் உள்ளறையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது, கட்டைகளைக் கொண்டுபோய்க் காப்பிச் செடிக்கு அடியில் ஒளித்தேன். அற்புதத்துக்கு என்னால் ஆன உதவி.

“கட்டை எங்கடா?”

“எனக்கென்ன தெரியும்? ஜெபம் பண்ணிட்டு நடந்து பாரு.”

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டு ஓர் அடி வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு “அல்லேலூயா!” என்று கத்தினேன். திறந்தபோது தரையில் கிடந்தாள்.

“அல்லேலூயா அப்பறம் சொல்லலாம். மொதல்ல தூக்குடா, மணி அடிச்சுருவாங்க.”

என் தோளைப் பற்றிக்கொண்டு கிளம்பினாள். ஒரு மைல் மேட்டுப் பாதை. சில்வர் ஓக் மரங்களில் சாய்ந்து சாய்ந்து மூச்சு வாங்கினோம்.

“நொம்ப கனக்கறனா?”

“காலைல எத்தன இட்லி தின்ன?”

அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

கோயிலுக்குள் நுழைந்தபோது பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முழங்காலிட, அக்கா மட்டும் சேறு படிந்த சேலையோடு என் தோளில் தொங்கியபடி நின்றாள். பேராயர் எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு என் கன்னத்தைத் தட்டினார்கள். “தம்பின்னா இப்பிடியில்ல இருக்கோணும், கண்ணு” என்றாள் அதே பின்வரிசை அம்மாள். கட்டை எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “வழியெல்லாம் சேறும்மா, ஊட்டுலயே வெச்சுட்டேன்” என்றாள் அக்கா. நானோ கிடைத்த பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். “செடிக்கடியில இருக்கறத எடுத்துட்டு வா சாமி, கரையான் ஏறிரும்.”

சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“தெரிஞ்சும் ஏங்க்கா கேக்கல?”

“கேட்டா குடுத்திருப்ப. எனக்கு விசுவாசம் இல்லைன்னு காலம் பூராவும் நெனச்சுட்டும் இருந்திருப்ப. நான் விழறத நீ பாக்கோணும்ல?”

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் அக்கா வெகுநேரம் நன்றி சொன்னாள். அதில் என் பெயரும் வந்தது. காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று நடுங்கி, ஒரு கண்ணைத் திறந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.