மைக்கில் சொன்ன பெயர்

வட ஸ்வீடனின் ஹாக்விக் ஊர்த் தபால்காரர் டோர்னி, பத்தொன்பது வருஷமாக உள்ளூர் கால்பந்து மைதானத்தில் மைக் பிடித்தவர். அக்டோபரில் நடந்த கடைசி ஆட்டம் சமனில் முடிந்திருந்தால், அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியிருக்கும். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவருடைய மருமகன் மெல்கர் காலில் பட்டு, பந்து சொந்த வலைக்குள்ளேயே போய்விட்டது. யாரால் கோல் விழுந்தது என்று அறிவிப்பது அவர் வேலை. மெல்கரின் பெயரைச் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது. அணி இறங்கியது.

மைதான வாசலில் அவருடைய மகளும் மெல்கரின் மனைவியுமான லின்னேயா நின்றிருந்தாள்.

"பேரைச் சொல்லாம விட்டிருக்கக் கூடாதாப்பா?"

"எல்லாரும்தான் பார்த்தாங்களேம்மா."

"பார்த்தாங்க. திட்டுறதுக்குப் பேரை எடுத்துக் கொடுத்தது நீங்கதான்."



ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் இருவருக்கும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி சுட்டு, காபி போட்டுக் காத்திருந்தார். மகள் வரவில்லை. மெல்கர் மட்டும் வந்து, இரண்டு ரொட்டி தின்றுவிட்டுப் போனான்.