ஜம்புவின் விரத நாட்கள்

மூக்குக்கண்ணாடி போதாதென்று ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, ஆயர் ஈத்தாம் ஊர்ச் சந்தைக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் ஞானாம்பிகை நின்றுகொண்டிருக்கிறார். கையில் ஒரு புட்டி, முன்னால் இன்னும் இரண்டு. கடைக்காரர் முகம்மது சுல்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு வெகு நேரமாகிறது. ஞானாம்பிகை உட்காரமாட்டார். உட்கார்ந்து படித்தால் பொடி எழுத்து கண்ணை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி.

துறைமுக அலுவலகத்தில் சரக்குப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எந்தப் பொட்டலமும் அவர் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. ரொட்டி உறையைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் பிரிப்பார்.

“இது சுறா குருத்தெலும்பு. இது நியூசிலாந்து மட்டி. இது நண்டு ஓடு. என்ன சுல்தான், மூட்டுக்குக் கடல்ல உள்ளதுதானா? கீரை, கெழங்குல ஒண்ணும் இல்லியா?”

“கீரைக்கு ஏதுக்கா மூட்டு?” என்றார் சுல்தான்.

மூட்டுவலி அவருக்கல்ல, ஜம்புவுக்கு. ஜம்பு மரத்தடியில் குட்டியாகக் கிடைத்ததால் அந்தப் பெயர் பெற்ற தவிட்டு நிற நாய் அவன். தனியாக வாழும் ஞானாம்பிகைக்கு அவன்தான் பேச்சுத்துணை. வெள்ளிக்கிழமை மாலையானால் இருவரும் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போவார்கள். அவர் உள்ளே போனால் இவன் வெளியே அவர் செருப்புக்குக் காவல். குருக்கள்கூட அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போவார்.

போன மழைக்காலத்தில் பின்னங்கால் மூட்டுகள் வீங்கின. வெள்ளிக்கிழமை வாசல் கேட் வரை வந்து, முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து ஞானாம்பிகை முழுமனதாகக் கும்பிட்டதில்லை. பிள்ளையாரிடம் அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இவன் மறுபடி இங்கே நடந்து வரவேண்டும்.

மருந்துத் தேர்வு லேசில் முடியவில்லை. சுறா, நாற்றத்திலேயே தள்ளுபடி. மட்டித் தூளைச் சோற்றில் கலந்து வைத்தார். ஜம்பு போட்ட தும்மலில் பாதி அவர் புடவைக்குப் போயிற்று. கடைசியில் நண்டு ஓட்டு மாத்திரை தேறியது. கால்நடை மருத்துவர் ரீத்தாவும் புட்டியைப் பார்த்துத் தலையசைத்தார். “இதையே தெனமும் குடுங்க ஆன்ட்டி. கொஞ்ச வாரம் கழிச்சுப் பாப்போம்.”

வாரங்கள் போயின. ஜம்பு எழுந்திருக்க அப்போதும் சுவரைத்தான் தேடினான். மாத்திரை கம்பெனியை வைதுகொண்டே ஞானாம்பிகை டாக்டரிடம் போனார்.

“தெனமும் குடுத்தீங்களா ஆன்ட்டி?”

“தெனமும்தான் டாக்டர். வெரத நாளத் தவிர.”

ரீத்தா கத்தோலிக்கர். விரத நாள் என்றால் மாதத்தில் ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்து, எவையெவை என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி, சதுர்த்தி, கார்த்திகை, அமாவாசை, பௌர்ணமி என்று போய், நடுவில் கந்தசஷ்டி ஒரு வாரத்தை விழுங்கியது. ரீத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“வெரதம் ஒங்களுக்கா, ஜம்புவுக்கா?”

“ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா டாக்டர்? மத்த நாள் நானும் மீன் திம்பேன், அவனும் திம்பான். வெள்ளிக்கெழம ரெண்டு பேருக்கும் பருப்பு, தயிருதான். ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல.”

“மூட்டுக்கு நாள் கெழம தெரியாது ஆன்ட்டி. ஒருநாள் விட்டாலும் சரிப்படாது.”

ஞானாம்பிகை வீடு திரும்பி இரண்டு நாள் புட்டியையும் நாட்காட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு நாளில் நண்டைத் தொடுவதா? ஜம்புவின் காலை விடுவதா? பக்கத்து வீட்டுச் சவுந்தரம்தான் வழி சொன்னார். அவரும் கத்தோலிக்கர்.

“எங்களுக்கு வெள்ளிக்கெழம எறச்சிதான் ஆகாது. நண்டு ஓகே லா அக்கா. வெரத நாளு நான் வந்து குடுக்குறேன்.”

ஏற்பாடு அமோகமாக நடந்தது. விரத நாளில் சவுந்தரம் பின்வாசல் வழியாக வருவார். ஞானாம்பிகை உடனே முன்கூடத்துக்குப் போய், நாட்காட்டியை அப்போதுதான் பார்ப்பவர்போல் ஊன்றிப் பார்ப்பார். பின்னால் ஜம்பு மாத்திரையை நொறுக்கும் சத்தம் அவர் காதில் விழவே விழாது. பிள்ளையார் காதில் விழுந்ததோ என்னவோ, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜம்பு முனகாமல் எழுந்தான். பிறகு மதில்மேல் முன்னங்கால் வைத்துத் தெருவைப் பார்த்தான். ஒருநாள் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளைத் தெருமுனைவரை துரத்திவிட்டான். ரொட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் தேங்காய் பன் வாங்கிய ஞானாம்பிகைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பாத்தீங்களா, என்னா ஓட்டம்!” என்று அவரிடமே பெருமை பேசினார். அந்த வெள்ளிக்கிழமையே இவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடியுமுன், சவுந்தரத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஜுரு ஊரிலிருந்து போன் வந்து அவர் பறந்துவிட்டார். மாலையில் ஞானாம்பிகை முழுகி, திருநீறு பூசி, அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்தபோதுதான் ஞாபகம் வந்தது: இன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. ஜம்பு கேட் அருகில் நான்கு காலிலும் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தான்.

தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். புடவைத் தலைப்பால் புட்டியைப் பிடித்துத் திறந்து, ஒரு மாத்திரையை வாழைப்பழத்தில் ஒளித்து நீட்டினார். ஜம்பு பழத்தை மட்டும் மரியாதையாகத் தின்றுவிட்டு மாத்திரையை அவர் காலடியில் துப்பினான். சவுந்தரம் கையென்றால் முழுசாக நொறுக்குவான். ஞானாம்பிகையின் கையில் செல்லம் அதிகம். இரண்டாக்கிச் சின்னதாக ஒளித்தால்தான் தின்பான். கையால் உடைக்க வராது. மீன் கத்தி பின்கொட்டகையில் இருக்கிறது. தொட்டால் மறுபடி முழுகவேண்டும். அடுப்படிக் கத்தி பிள்ளையாருக்குத் தேங்காய் கீறும் கத்தி. அதில் நண்டு படக்கூடாது.

“ஒனக்காகத்தான்டா” என்றார்.

மாத்திரையை எடுத்துக் கழுவினார். கோயில் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை முன்பற்களுக்கு நடுவே வைத்து நறுக்கென்று கடித்தார்.