மாமியார் வயிற்றுச் சொத்து

ஷிம்கென்ட் நகரில் ஷோல்பானைப் போல அருவருப்புப் பிடித்த மருமகள் இன்னொருத்தி இருக்க மாட்டாள். அங்கே விருந்தில் பெரியவர்கள் கொழுப்பும் இறைச்சியுமாகக் கையால் அள்ளிச் சின்னவர்கள் வாயில் ஊட்டுவார்கள், அது ஆசி. மாமியார் ஓரின்குல் விரல்களை நக்கிவிட்டு அதே கையை நீட்டுவாள். ஷோல்பான் கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கி, கழிவறையில் போய்த் துப்புவாள். கிழவி ஏப்பம் விட்டாலே அவளுக்குக் குமட்டும்.

அப்படிப்பட்டவளின் பெருங்குடலில் புண். மலத்தோடு ரத்தம். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. இனி குடலை வெட்டியெடுத்து வயிற்றில் மலப்பை கட்டுவதுதான் என்ற நிலையில், டாக்டர் ஸாவ்ரே கடைசியாக ஒரு வழி சொன்னாள்.

"குடல்ல இருக்குற நல்ல கிருமிங்கதான் நம்ம காவல் அணுக்களை அடக்கி வைக்கும்மா. தும்மினாக்கூட ஆன்டிபயாடிக் முழுங்கி நீ அதுங்கள்ல பாதியைக் கொன்னுட்ட. இப்ப காவல்காரனே வீட்டை இடிக்கிறான். ஆரோக்கியமானவங்க மலத்துலேர்ந்து கிருமியை எடுத்து உள்ள ஏத்திப் பாக்கலாம். ஆராய்ச்சிதான், உறுதி சொல்ல மாட்டேன்."

ஷோல்பான் வாயைப் பொத்திக்கொண்டாள். மலம் கொடுப்பவருக்கான சோதனையில் கணவன் தலகத் தேறவில்லை. தேறியது, மாத்திரையே தொடாமல் புளித்த குதிரைப்பால் குடித்து வளர்ந்த ஓரின்குல் ஒருத்திதான்.

மகன் விஷயத்தைச் சொன்னதும் கிழவி துள்ளினாள். "த்தூ! என்னடா பேச்சு இது? கறி ஊட்டுனா கக்கூஸ்ல துப்புறவ, இதை மட்டும் வாங்கிப்பாளாமா?"

தெரிந்தேதான் இத்தனை வருடமும் ஊட்டியிருக்கிறாள். ஷோல்பானுக்கு முகம் எரிந்தது.

தலகத் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அம்மாவின் மலம் அடைத்த டப்பாவை ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போனான். ஆசனவாய் வழியே குழாய் ஏறியபோது, கிழவியே தவழ்ந்து உள்ளே வருவதுபோல ஷோல்பானுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து, சம்பந்தமே இல்லாமல், ஈறு கிழியப் பல் தேய்த்தாள். தன் வயிற்றைத் தொடவே பிடிக்கவில்லை.

ஆனால் ரத்தம் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

"விடாம இன்னும் சில தடவை ஏத்தணும்," என்றாள் டாக்டர்.

"நீயே போய்க் கேளு," என்றான் தலகத். "அம்மா மூஞ்சில முழிக்க எனக்குத் தெம்பில்ல."

ஓரின்குல் அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஷோல்பான் வாசற்படியில் நின்றாள். குமட்டியது, விழுங்கிக்கொண்டாள்.

"அத்தை... இன்னொரு தடவை வேணும்."

கிழவி நிமிரவில்லை.

"என்ன வேணும்? வாயைத் தொறந்து சொல்லு."

ஷோல்பான் சொன்னாள்.