தம்பி பணத்தை வேண்டாம் என்றேன்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதம், ஐயப்ப சீசன் களைகட்டியிருந்த நேரத்தில் குற்றாலத்தில் நடந்தது இது. விடாமல் பெய்த மழையில் அருவித் தண்ணீர் சாலைக்கு ஏறி, ஓரமாக இருந்த சிப்ஸ் கடைகளை வாரிக்கொண்டு போய்விட்டது. தள்ளுவண்டி, அடுப்பு, எண்ணெய்ச்சட்டி எதுவும் மிஞ்சவில்லை. சீசன் முடிவதற்குள் மறுபடி கடை போட்டால்தான் அடுத்த சாரல் சீசன் வரை அவர்கள் வீட்டில் கஞ்சி காயும்.

தென்காசியில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். நான்தான் பொருளாளர். கனடாவில் இருக்கும் என் தம்பி செய்தியைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்ப்பவர்களிடம் வசூல் பண்ணிவிட்டுப் போன் செய்தான். டிரஸ்ட் அக்கவுண்ட் நம்பரை அனுப்பு, இன்றைக்கே போடுகிறேன் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரக்குடுக்கை நான், நேரே குற்றாலம் போய், கடையைப் பறிகொடுத்து நின்ற ஒரு பெண்ணிடம் சீக்கிரமே கடை போட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வங்கியில் மேனேஜர் அம்மா விளக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. தம்பி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான். அதனால் அவன் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெள்ள நிவாரணமே ஆனாலும், மத்திய அரசு அனுமதி இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. அனுமதி உள்ளவர்களுக்கும் டெல்லியில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் பணம் முதலில் வர வேண்டும். என் சொந்தக் கணக்கில் வாங்கட்டுமா என்றேன். ஊருக்காக வசூலித்ததை அப்படி வாங்குவதும் தப்பு என்றார். வெள்ளம் சட்டம் பார்த்தா வந்தது என்று அவரிடமே கத்திவிட்டேன்.

டிரஸ்டில் சிலர், யார் பார்க்கப் போகிறார்கள், வாங்கிப் போடு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தம்பியிடம் சொன்னேன்.

"அப்போ நான் ஒனக்கு வெளிநாட்டுக்காரனாக்கா?"

"எனக்கு நீ தம்பிதாம்லே. தெரிஞ்ச பொறவும் வாங்கினா, நாளைக்கு டிரஸ்டையே பூட்டிட்டுப் போயிருவாங்க" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

நானும் விடவில்லை. அங்கே இங்கே விசாரித்து, சுரண்டைப் பக்கம் அந்த அனுமதி உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்தேன். தம்பி அவர்களுக்கு அனுப்பலாம். ஆனால் அவர்கள் அதை எங்கள் கையில் தர முடியாது, சாமான் வாங்கிக் கொடுப்பதுவரை அவர்களேதான் செய்ய வேண்டும். வெள்ளம் வடிந்ததும் சேற்றில் இறங்கி அள்ளியது நாம், பேர் அவர்களுக்கா என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். பேரை வைத்து வாழைக்காய் வறுக்க முடியுமா என்று ஒரு சத்தம் போட்டேன். சிரித்துவிட்டார்கள். நாங்களே சுரண்டைக்காரர்களைக் கடை கடையாகக் கூட்டிப்போய்க் காட்டினோம். தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே டெல்லிக் கணக்குக்கு அனுப்பினான். சீசன் முடியுமுன் அத்தனை அடுப்பும் எரிந்தது.

அடுத்த லீவில் வந்தவனைக் குற்றாலம் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணின் கடையில் நேந்திரம் சிப்ஸ் வாங்கினோம். வண்டி புதுசா என்று சும்மா கேட்டான்.

"வெள்ளத்துல எல்லாம் போச்சு அண்ணாச்சி. சுரண்டைக்காரங்க வாங்கித் தந்தாங்க. இந்த அக்காதான் அவங்களக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்கல்லாம் நல்லா இருக்கணும்."

கொடுத்தவனே எதிரில் நிற்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். இன்னொரு பொட்டலம் கட்டச் சொன்னான். அந்தப் பணத்தை மறுத்தபோது தம்பியையே இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அவன் பேசாமல் நின்ற அந்த நிமிஷத்தை நினைத்தால், இவன் என் தம்பி என்று இன்றைக்கும் ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றுகிறது.